டமாரத்துக்கு வைத்த பொட்டு

பிப்ரவரி 3, திங்கள்

என் கம்பெனி நொடித்துப்போனதைப் பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஓசூர் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு மேலாளர் நான், எனக்கு ஒரு போன் செய்து சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஏழாம் பக்கத்தில், கோழித்தீவன விளம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது: ‘டமாரம் பவுலிங் பந்து நிறுவனம் திவால்.’

சிலிண்டர் போட வந்தவர் எட்டிப் பார்த்து, “பவுலிங் பந்துன்னா கிரிக்கெட்டுக்குங்களா?” என்றார்.

“இல்லண்ணே. மால்ல பளபளன்னு மரத்தரை போட்டிருப்பாங்கல்ல, மூணு விரலை விட்டு உருட்டி, அந்தக் கோடியில நிக்கிற பத்துக் கட்டையைச் சாய்ப்பாங்க. அந்தப் பந்து.”

“அதைக் காசு குடுத்து வேற உருட்டுறாங்களா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். நியாயமான கேள்விதான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் முதலாளி ராவ் சார், கோபிநாத ராவ், பெரும்பாதிப் பங்குகளை ஒரு பெரிய கம்பெனிக்கு விற்றார். அன்றிலிருந்து அதற்குத் தாய் நிறுவனம் என்று பெயர். கடன் கொடுத்தது தாய். போன அக்டோபரிலிருந்து ஆர்டர் எடுக்காதே என்று வாயைக் கட்டியது தாய். இப்போது கடனைக் கட்டவில்லை என்று தீர்ப்பாயத்துக்குப் போயிருப்பதும் அதே தாய். எந்த ஊர்த் தாய் சோறு போட்டுவிட்டு அதைக் கணக்கில் எழுதிவைத்துப் பிள்ளை மேல் கேஸ் போடுவாள்? அந்த வார்த்தையை இவர்கள் தொடவே கூடாது.

என் வீட்டுக்காரர் இரண்டு தடவை “விடு செண்பகம், சாப்பிடு” என்றார். மூன்றாவது தடவை சொல்லியிருந்தால் தட்டு பறந்திருக்கும்.

பிப்ரவரி 5, புதன்

பாலிஷ் பிரிவில் சண்டை. சண்டை என்றால் நான் கத்தினேன், பாலிஷ் போடுகிற லகுமம்மா முணுமுணுத்தாள்.

“பொட்ட அழிச்சா எங்கியாச்சும் வெளங்குமா?” என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். என் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னாள். கம்பெனி நொடித்ததற்கு நான்தான் காரணமாம். கடன் இல்லையாம், தாய் நிறுவனம் இல்லையாம், நான் அழித்த பொட்டாம்.

போன ஆயுத பூஜைக்கு இந்த மகராசி இயந்திரங்களுக்குப் பொட்டு வைத்ததோடு நிற்கவில்லை. கிடங்கில் விற்பனைக்கு அடுக்கியிருந்த பந்து ஒவ்வொன்றுக்கும் வைத்திருந்தாள். வெறும் குங்குமம் என்றால் ஊதிவிடலாம். நல்லெண்ணெயில் குழைத்து வைத்திருக்கிறாள். எங்கள் பந்தின் மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. ஆடுதளத்தில் எண்ணெய் பூசியிருப்பார்கள், அதை உறிஞ்சினால்தான் பந்து வளையும். அந்தத் தோலில் கொண்டுபோய் எண்ணெய்ப் பொட்டு. அப்படியே ஹார்ட்னஸ் மீட்டருக்கும் வைக்க வந்தாள். பந்தின் கடினத்தைப் பார்க்க நான் வைத்திருக்கும் சின்னக் கருவி அது. ஆபீஸ் கருவி ரிப்பேர் ஆனபோது என் கைக்காசில் வாங்கியது. அவள் கையிலிருந்து பிடுங்கினேன்.

பிரிவு மொத்தத்தையும் உட்காரவைத்து ஸ்பிரிட் போட்டுத் துடைக்கச் சொன்னேன். மேலே இருந்தது போய்விட்டது. உள்ளே இறங்கியது போகாது, பந்து ஆடி ஆடிச் சூடாகும்போது வேர்வை மாதிரி மேலே வரும் என்று அன்றைக்கே சொன்னேன். லகுமம்மாவுக்கு மெமோவும் கொடுத்தேன். கொடுத்தது சரிதான். இன்றைக்கும் சரி என்றுதான் சொல்வேன்.

பிப்ரவரி 19, புதன்

இன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் எழுதிவைக்கிறேன்.

தாய் நிறுவனத்திலிருந்து பிரணவ் என்று ஒருவன் வந்தான். சென்னைப் பையன், வார்த்தைக்கு வார்த்தை ‘மேம்’. மீட்டிங் மேஜையில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் விரிசல் விட்ட பந்துகளை வரிசையாக வைத்திருந்தான். பிரேதம் பார்க்கப் போன மாதிரி எல்லோரும் நின்றோம்.

“கிடங்குல ராண்டமா எடுத்தது மேம். எல்லாமே கிராக். மொத்த ஸ்டாக்கும் யூஸ்லெஸ்னு எங்க எக்ஸ்பர்ட் ரிப்போர்ட் குடுத்திருக்கார்.”

நான் ஒன்றைக் கையில் எடுத்தேன். விரிசல் நேர்கோடாக, மேல்தோலில் மட்டும் ஓடுகிறது. வெயிலில் நாள் முழுக்கப் போட்டு வைத்து அப்படியே ஐஸ் தண்ணீரில் முக்கினால் இந்த விரிசல் வரும். வார்ப்பில் கோளாறு என்றால் உள்ளிருந்து கோணலாக வரும். அதைச் சொன்னேன். எங்கே வைத்திருந்தீர்கள், யார் எடுத்தார்கள், என் ஆள் யாரையாவது கூட வைத்துக்கொண்டீர்களா என்று கேட்டேன்.

“மேம், இதை பர்சனலா எடுத்துக்காதீங்க” என்றான்.

பர்சனலாக எடுக்காமல்? ஒவ்வொரு பந்தையும் பாஸ் பண்ணியது நான். பந்து கெட்டது என்றால் நான் கெட்டவள் என்று அர்த்தம்.

ராவ் சார் வாய் திறப்பார் என்று பார்த்தேன். இந்தப் பந்தை முதன்முதலில் வார்த்த நாளில் அவரும் நானும் கையில் கொப்புளத்தோடு நின்றோம். தரையில் விட்டபோது வந்த சத்தத்தைக் கேட்டுத்தான் டமாரம் என்று பெயர் வைத்தார். அவர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “உன்னைய நம்பித்தானேம்மா விட்டிருந்தேன்” என்றார்.

பிரணவ் சொன்னதுகூட இப்போது மறந்துவிட்டது. இது போகமாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 20, வியாழன்

உலை வைக்கவில்லை. இவரே தோசை வாங்கிவந்தார். சட்னி புளித்திருந்தது.

மார்ச் 12, புதன்

லாரிகள் வந்தன. மொத்தப் பந்தும் நொறுக்குவதற்குப் போகிறது. சரக்கின் மதிப்பு பூஜ்யம் என்று தீர்ப்பாயத்தில் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. சரக்குக்கு மதிப்பில்லை என்றால் கம்பெனிக்கு ஏது மதிப்பு? அள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். அள்ளப்போகிறவர்கள் யார் என்று சொல்ல ஜோசியம் வேண்டாம்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், நம் ஆட்கள்தான் ஏற்றினார்கள். நொறுக்கப்போகிற பந்தைக்கூடக் கீறல் படாமல் அட்டை வைத்து அடுக்குகிறார்கள். பிரணவ் பக்கத்தில் நின்று, “மெதுவா, மெதுவா” என்றான். நொறுக்கப்போகிற பந்துக்கு என்ன மெதுவா என்று கேட்டிருக்க வேண்டும். கோபம் தலைக்கேறி நின்றதில் கேட்காமல் விட்டுவிட்டேன்.

கேட் அருகில் எல்லோரும் நின்றார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கேண்டீன்காரர்கூட டம்ளரைத் தள்ளித்தான் வைத்தார். லகுமம்மா மட்டும் கிட்டே வந்தாள்.

“மேடம், நெசமாலுமே ஒடைக்கத்தான் எடுத்துனு போறாங்களா?”

“என்னைக் கேக்காத” என்றேன். ‘இப்போ சந்தோஷமா’ என்றும் சேர்த்துச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

மேஜையைக் காலி செய்து மீட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

இணைப்பு முடிந்தது. ஏலம் கேட்டது தாய் நிறுவனம் ஒன்றுதான். ‘டமாரம் இனி எங்கள் குடும்பத்தின் அங்கம்’ என்று அரைப்பக்க விளம்பரம். விழுங்கிவிட்டு ஏப்பம் விடுவதற்குக் குடும்பம் என்று பெயர். ஆலைக்குப் பூட்டு. ஆட்கள் யாரும் அந்தக் குடும்பத்தில் இல்லை.

கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: ‘முந்தைய தரக் குறைபாடுகள் களையப்பட்டுள்ளன.’ களையப்பட்ட குறைபாடு இங்கே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறது.

மே 5, திங்கள்

ஹெல்மெட் கம்பெனியில் இண்டர்வியூ. எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் அந்த அம்மாள் என் காகிதங்களை மறுபடி புரட்டி, “டமாரம்னா அந்த விரிசல் விட்ட கேஸா? நீங்கதான் அப்போ குவாலிட்டியா?” என்றார்.

நான்தான் என்றேன்.

“ஹெல்மெட்டு உயிர் சம்பந்தப்பட்டது, பாருங்க” என்றார். கோபத்தோடு சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ரொம்ப இதமாகச் சொன்னார். பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே வந்தேன்.

மே 6, செவ்வாய்

மாங்காய் ஊறுகாய் போட்டேன். உப்பு ஒரு கை அதிகம். இவர் ஒன்றும் சொல்லாமல் தின்கிறார், அதுவும் எரிச்சலாக இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

இவருடைய தங்கை மகளுக்குப் பிறந்தநாள். பெங்களூரில் ஒரு மாலில், பவுலிங் தளத்தில். போகமாட்டேன் என்றேன். “அந்தப் புள்ள என்ன பாவம் பண்ணுச்சு? ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டு வருவோம்” என்று இழுத்துக்கொண்டு போனார்.

அங்கே வாசலிலேயே பெரிய அட்டை. ‘புதிய டமாரம். புதிய வார்ப்பு. புதிய தரம்.’ கேக் வெட்டும் வரை அந்தப் பக்கமே திரும்பவில்லை.

பிறகு அந்தக் குழந்தை ஓடிவந்து, “அத்தை, என் பந்துல யாரோ சாஸ் கொட்டிட்டாங்க, துடைச்சாலும் போகமாட்டேங்குது” என்று என் மடியில் பந்தை வைத்தாள். ரொம்ப நேரமாக ஆடியதில் பந்து சூடாக இருந்தது. டமாரச் சின்னத்துக்குக் கீழே மங்கலாக ஒரு சிவப்பு வட்டம். கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தேன். போனது. குழந்தையை இன்னும் கொஞ்சம் ஆடச் சொல்லிவிட்டு மறுபடி வாங்கிப் பார்த்தேன். திரும்ப வந்திருந்தது. மோந்து பார்த்தேன். நல்லெண்ணெய்.

தளத்தில் இருந்த புதிய டமாரம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஆடிய பந்தெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கிறது. ஆடாததில் இல்லை. வரிசை எண் இருந்த இடத்தை ராவிவிட்டுப் புது எண் வெட்டியிருக்கிறார்கள், விரலில் பள்ளம் தட்டுகிறது. போன அக்டோபரில் ஆர்டரை நிறுத்தியதால், பொட்டு வைத்த பிறகு எங்கள் ஆலையிலிருந்து ஒரு பந்துகூட வெளியே போகவில்லை. அந்த லாரிகளில் போனதைத் தவிர.

நொறுக்கவே இல்லை, பாவிகள். பந்தில் ஒரு கோளாறும் இல்லை. பூஜ்யம் என்று எழுதி வாங்கி, மெருகேற்றி, புதுசு என்று விற்கிறார்கள். என் பெயரைத்தான் நொறுக்கியிருக்கிறார்கள்.

அங்கேயே கடையில் புதுப்பந்து ஒன்று பில் போட்டு வாங்கினேன். என் பந்தை நானே முழு விலைக்கு வாங்கினேன். இவர் மறுபேச்சுப் பேசாமல் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஜூலை 21, திங்கள்

பிரணவுக்குப் போன் போட்டேன். நான் பேசியது தெருவுக்கே கேட்டிருக்கும்.

“மேம், ஏதோ லேன் ஆயில் கறையா இருக்கும். கஸ்டமர்ஸ்கூட நிறைய பேர் கேக்குறாங்க, பார்த்துக்கிட்டிருக்கோம்.”

“கறையாம்ல கறை. அது ஓசூர் பேக்டரியில கடைசி ஆயுத பூஜைக்கு எங்க லகுமம்மா நல்லெண்ணெயில குங்குமத்தைக் குழைச்சு ஒவ்வொரு பந்துக்கும் தன் கையால வச்ச பொட்டு. தெரிஞ்சுக்க.”

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “இண்ட்ரஸ்டிங் மேம்” என்றான். வைத்துவிட்டேன்.

இவர் சொல்கிறார், அதையெல்லாம் அவனிடம் சொல்லியிருக்கக் கூடாதாம், சாட்சியை எதிராளி கையில் கொடுத்துவிட்டேனாம். சொல்லித் தொலைத்தாயிற்று, இப்போது என்ன செய்ய?

ஜூலை 27, ஞாயிறு

லகுமம்மா இப்போது பாகலூர் பக்கம் ரோஜாப் பண்ணையில் வேலை செய்கிறாள். விசாரித்துப் போனேன். பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் மொட்டுகளுக்கு வலை மாட்டிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் முள் கீறல். என்னைப் பார்த்தும் வேலையை நிறுத்தவில்லை.

நடந்ததைச் சொன்னேன். நீ வந்து சாட்சி சொல்லவேண்டும் என்றேன்.

“அப்ப பொட்டு வெச்சதுக்கு மெமோ குடுத்தீங்க. இப்ப அதே பொட்டு வோணுமா?”

“வேணும்.”

“எல்லாருக்கும் முன்னால நிக்க வெச்சி அழிக்கச் சொன்னீங்களே மேடம். எங்கையால வெச்சத எங்கையாலயே. ஊட்டுக்குப் போயி அன்னிக்கி நான் சாப்புடல.”

எண்ணெய் போட்டது தப்புதான் என்றேன். இருந்த வார்த்தைகளிலேயே மோசமானதைப் பொறுக்கி எடுத்தேன்.

அவள் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தாள்.

“பொட்ட அழிச்சா வெளங்காதுன்னு சொன்னன். அது நெசம். ஆனா உருண்ட கெட்டதுன்னு நான் என்னிக்காச்சும் சொன்னனா? கேட்டாண்ட எல்லாரும் உங்களப் பேசறப்பகூட நான் பேசல. கெட்டதுக்கு யாருனா பொட்டு வெப்பாங்களா மேடம்? உருட்டிப் பாத்துத்தான வெச்சன். விரிசல் உட்டது ரெண்டு இருந்துது, அத தனியா எடுத்துப் போட்டுட்டன்.”

அந்த இரண்டையும் நான் ஏற்கெனவே கழித்து எழுதியிருந்தேன். அவளும் கழித்திருக்கிறாள். இத்தனை மாதத்தில் பந்து நன்றாக இருந்தது என்று சொன்ன முதல் ஆள் இவள்தான். கூடாரத்துக்குள் புழுக்கம் தாங்கவில்லை, கண் எரிந்தது. மருந்து அடித்திருப்பார்கள்.

வருகிறேன் என்றாள். பஸ் செலவை நானே பார்த்துக்கொள்வேன் என்றதற்கு, “அது கெடக்குது” என்றாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

லகுமம்மாவும் நானும் கொடுத்த புகாருக்கு, தீர்ப்பாயம் நியமித்த திவால் அதிகாரி பதில் எழுதிவிட்டார். பந்தில் கறை எங்கே வேண்டுமானாலும் படலாமாம். வேலை இழந்தவர்களின் வாய்மொழியை மட்டும் வைத்து, சரக்கு நொறுக்கப்பட்டதாகக் கொடுத்த சான்றிதழைச் சந்தேகிக்க முடியாதாம். மூன்றே வரி. லகுமம்மாவுக்குப் போனில் சொன்னேன். “படிச்சவங்களுக்குக் கண்ணு தெரியாதா மேடம்?” என்று கேட்டாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

காலையில் இவர் பேப்பரைப் பிரித்தவர் அப்படியே மடித்து என் முன்னால் வைத்தார். “ஏ இந்தாரு. மெதுவா படி” என்றார்.

முழுப்பக்கம். வண்ணத்தில். பட்டுச்சேலை கட்டிய யாரோ ஒரு மாடல் பெண் குங்குமச் சிமிழோடு சிரிக்கிறாள். கீழே நம் பந்து, சின்னத்துக்கு அடியில் சிவப்பு வட்டம். எழுதியிருப்பதை அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன், இந்த நோட்டிலும் இருக்கட்டும்:

‘கறை அல்ல, மங்கலம். எங்கள் ஓசூர் ஆலையின் கடைசி ஆயுத பூஜையன்று, ஒரு தொழிலாளித் தாய் நல்லெண்ணெயில் குழைத்துத் தன் கையால் ஒவ்வொரு பந்துக்கும் வைத்த பொட்டு. நீங்கள் ஆட ஆட மலரும். புதிய டமாரம், பொட்டுப் பதிப்பு. இந்தப் பண்டிகைக்கு மட்டும்.’

விலையையும் ஏற்றியிருக்கிறார்கள்.

முதலில் எனக்கு வந்தது ஆத்திரம்தான். கம்பெனியை விழுங்கினார்கள், பந்தை விழுங்கினார்கள், கடைசியில் லகுமம்மாவின் பொட்டையுமா? நான் வயிறெரிந்து கத்திய வார்த்தைகளையே எடுத்து அச்சடித்திருக்கிறான் அந்த ‘இண்ட்ரஸ்டிங்’. பேப்பரைக் கசக்கப் போனேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கசக்காத. போன ஆயுத பூஜைக்குப் பொட்டு வச்ச பந்தையெல்லாம் மார்ச்சுல நொறுக்கியாச்சுன்னுதான தீர்ப்பாயத்துல சொல்லியிருக்காக? அப்போ இது என்ன பந்து?”

மறுபடி படித்தேன். மறுபடி படித்தேன். இவர்களுடைய விளம்பரக்காரனுக்கும் வக்கீலுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது போலிருக்கிறது. கறை என்று திட்டிய வாடிக்கையாளனைச் சமாளிக்க உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக இருக்கும்.

சிரித்தேன். எத்தனை மாதம் கழித்தோ. இவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

செப்டம்பர் 22, திங்கள்

இவருக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனோம், அவர் விளம்பரத்தைப் படித்துவிட்டு, மேஜையில் கையை ஊன்றிச் சிரித்தார். தீர்ப்பாயத்தில் மனு போட்டாயிற்று. விசாரணை பண்டிகை விடுமுறை முடிந்ததும்.

சாயங்காலம் ராவ் சார் போன் செய்தார். அவர் கையிலும் அந்தப் பேப்பர் இருந்திருக்கிறது, சரசரப்புக் கேட்டது.

“செண்பகம், நம்ம பந்து நல்லாத்தாம்மா இருந்திருக்கு.”

“இருந்திருக்கா? இதை அன்னிக்கு அந்த மேஜையில சொல்லியிருக்கணும் சார்.”

“தப்புதாம்மா.”

“விசாரணை அன்னிக்கு வந்து அங்க சொல்லுங்க” என்று வைத்துவிட்டேன். பெரிய மனிதரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று இவர் சொன்னார். பேசாமல் இருந்து பார்த்ததில் என்ன கிடைத்தது?

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

லகுமம்மா காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். நாளை மறுநாள் இருவரும் விசாரணைக்குச் சென்னை போகிறோம். கூடை நிறையப் பண்ணை ரோஜா, கையில் குங்குமச் சிமிழ். விளம்பரத்தை அவளிடம் காட்டினேன். மாடல் பெண்ணை உற்றுப் பார்த்துவிட்டு, “இது யாரு, நானா?” என்றாள். பிறகு, “சேல நல்லாக்கீது” என்றாள்.

பூஜை அலமாரி முன்னால் இவருடைய ஸ்கூட்டர் சாவி, மிக்ஸி, அரிவாள்மனை எல்லாம் வைத்திருந்தேன். பந்து தனியாக மேஜைமேல், கடை உறையோடும் பில்லோடும். லகுமம்மா சிமிழைத் திறந்துகொண்டு நேரே அதைப் பார்த்துப் போனாள்.

“அதைத் தொடாத. அது சாட்சி” என்று கத்தினேன்.

“மெமோ குடுப்பீங்களா?” என்றாள்.

இவர் அடுக்களையில் போய் நின்று சிரித்தார், எனக்குக் கேட்காது என்று நினைப்பு. பொங்கல் சாப்பிட்டோம். லகுமம்மா ஊறுகாய் உப்பு என்று சொன்னாள். அதைச் சொல்லவும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

அவள் படுத்த பிறகு பயணத்துக்கு எடுத்துவைக்க வேண்டியதையெல்லாம் பார்த்தேன். பந்து அப்படியே இருக்கிறது, கை படவில்லை. பையிலிருந்து ஹார்ட்னஸ் மீட்டரை எடுத்தேன். நீதிபதி கேட்டால் அங்கேயே வைத்துக் காட்டலாம் என்று கொண்டுபோகிறேன். திருப்பிப் பார்த்தால் முதுகில், நடுவில், விரல் அகலத்துக்குப் பொட்டு.

எப்போது எடுத்தாள், எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை. தொட்டுப் பார்த்தேன், விரலில் வழுக்கியது. எண்ணெயில் குழைத்திருக்கிறாள். எண்ணெய் போடாதே என்று இவளுக்கு எத்தனை வருஷமாகச் சொல்கிறேன், கேட்டால்தானே.